நாலு பேட்டரியும் ஒரு பொய்யும்

ஸ்டெப்பர் மோட்டாருக்குப் பவர் சப்ளை தேர்ந்தெடுக்கிற விஷயத்தில் பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

இது பொய். பாலத்துக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெரிந்து அந்த மோட்டாரை வைத்திருந்ததே நான் ஒருத்தன்தான். ஒருத்தன் மட்டும் ஓடின பந்தயத்தில் முதலாவதாக வந்தவன். அதிலும் இரண்டு தடவை விழுந்து எழுந்துதான் வந்தேன்.

போன வாரம், போட் வேலை போய் நான் வீட்டில் சும்மா கிடந்த கதையைச் சொல்லியிருந்தேன். அந்தச் சும்மாவில் இருந்து எழுந்து நான் எதைக் கெடுத்தேன் என்பது இந்த வாரம்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: நான் படித்தது நாலாம் வகுப்பு. பஸ் போர்டைக் கூட்டிப் படிப்பதற்குள் பஸ் போய்விடும். அதனால் இதையெல்லாம் போனில் பேசி அனுப்புகிறேன். பத்திரிகையில் இருக்கிற தம்பி அதைக் கேட்டுச் சீராக எழுதிக்கொள்கிறார். இதில் எங்கேயாவது அழகாக ஒரு வரி வந்தால் அது அவர் வேலை. அசடு வழிந்தால் அது என் கைச்சரக்கு.

இப்போது போன் சாய்ந்து நிற்பது ஒரு மாங்கட்டையின் மேல். செங்கல் அளவு இருக்கும். நடுவில் ஒரு குழி. சுண்டுவிரல் நுனியை வைத்தால் அப்படியே உட்காரும். பேசப் பேச என் விரல் தானாக அதற்குள் போய்விடுகிறது. எடுத்து எடுத்து விடுகிறேன்.

தலைக்குக் கீழே

ஒரு மத்தியானம். காற்று மாறுகிற சமயம், அதனால் அசையவே அசையாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை சூட்டில் டிக் டிக்கென்று சத்தம் போடும்.

கொட்டகைக்குள் என் வீட்டுக்காரி செல்வி மிஷின் முன்னால் குனிந்து நிற்கிறாள். தட்டில் களிமண். களிமண்ணில் ஒரு வெண்சங்கு. சங்கின் மேல் அவளுடைய வலது கை. கைக்கு ஒரு சாண் மேலே மிஷினின் தலை தொங்குகிறது. ஒரு குடம் தண்ணீர் கனம் இருக்கும். அதன் அடியில் கூரான பிட் ஒன்று, முனை கீழே பார்த்தபடி.

அந்தத் தலையைத் தூக்கிப் பிடித்திருப்பது ஒரு மோட்டார். அது ஓடவில்லை. நின்ற இடத்தில் நின்றுகொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகுகிறது. முனகல் இருக்கிற வரைக்கும் தலை மேலே இருக்கும். முனகல் நின்றால் இறங்கிவிடும்.

நான் மூலையில் குத்தவைத்திருக்கிறேன். என் முன்னால் நாலு பேட்டரி. என் கையில் வோல்ட் அளக்கிற மீட்டர். அது காட்டின எண், காட்டவே கூடாத எண்.

அப்புறம் என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால், அந்தத் தலை எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போடுகிறான் என்று நீங்கள் நினைத்தால், சரியாகத்தான் நினைக்கிறீர்கள்.

அந்தக் கை

கோயில் பக்கம் சங்குக் கடைகளில் பேர் வெட்டிக் கொடுப்பார்களே, அந்தப் பேர்களில் பாதி செல்வி வெட்டினது. சின்ன மோட்டார் வைத்த பேனா மாதிரி ஒன்று, அதுதான் கருவி. யாத்திரை வந்தவர்கள் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். தமிழா ஹிந்தியா வங்காளமா என்றெல்லாம் அவள் கேட்பதில்லை. சீட்டில் இருப்பதைப் பார்ப்பாள், சங்கில் இறக்குவாள். ஒரு தடவை யாரோ அவசரத்தில் மருந்துக் கடைச் சீட்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். மாத்திரைப் பேரை அவ்வளவு அழகாக வெட்டி வைத்திருந்தாள். அந்தச் சங்கு இன்னும் எங்கள் டிவி மேல் இருக்கிறது.

பிளஸ் டூ படித்தவள். என்னைக் கட்டிக்கொண்டது அவள் வாழ்க்கையில் செய்த ஒரே கணக்குப் பிழை.

நான் போட்டை விட்டு இறங்கின பிறகு வீட்டில் உலை கொதித்தது அந்த வலது கையால்தான். அந்தக் கைக்கு மணிக்கட்டில் வீக்கம் வந்தது. காலையில் தம்ளரைத் தூக்கும்போது முகம் சுளிப்பாள். அதைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். கம்ப்யூட்டரில் பேரைத் தட்டினால் மிஷினே மரத்தில் வெட்டுகிறது. மரத்தில் வெட்டுவது சங்கில் வெட்டாதா? மதுரையில் மூடின ஒரு தச்சுப் பட்டறையில் பழைய மிஷின் ஒன்று கிடந்தது. அதைப் பிரித்து மீன் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். இப்போதும் மழை பெய்தால் அதில் நெத்திலி வாசம் வரும்.

“கரண்ட் டப்பா மட்டும் கெட்டுப்போச்சுண்ணே. அத எங்க வேணாலும் வாங்கிக்கலாம்” என்று விற்றவர் சொன்னார். எங்க வேணாலும் என்ற வார்த்தையை நம்பி நான் பட்டதுதான் இந்த அத்தியாயம்.

நிற்பதற்கும் சோறு கேட்கிற மோட்டார்

நான் பார்த்திருந்த மோட்டாரெல்லாம் ஒரே ஜாதி. கரண்ட் கொடுத்தால் சுற்றும், எடுத்தால் நிற்கும். இந்த ஸ்டெப்பர் வேறு மாதிரி. அடி அடியாக எடுத்து வைக்கும். ஒரு சுற்றுக்கு இருநூறு அடி. நில் என்றால் அந்த அடியிலேயே முறுக்கிக்கொண்டு நிற்கும். நிற்பதற்கும் கரண்ட் சாப்பிடும், நிற்கும்போதே சுடும். கல்யாண வீட்டில் வேலை செய்கிறவனைவிடச் சும்மா நிற்கிறவன் அதிகம் சாப்பிடுவானே, அந்த மாதிரி. என்னை மாதிரி என்றும் சொல்லலாம்.

எங்கள் மிஷினில் மூன்று மோட்டார். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, தலையை ஏற்றி இறக்க ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன டப்பா. கம்ப்யூட்டர் சொல்வதைக் கேட்டு மோட்டாரை அடியெடுக்க வைப்பது அதுதான். அதற்கு டிரைவர் என்று பேர். போட் டிரைவராக இருந்தவனுக்கு அதைக் கேட்டதும் ஒரு சொந்தம் வந்துவிட்டது.

முதல் பயம் எனக்கு எங்கே வந்தது என்றால், இந்த மோட்டார் தப்படி வைத்தால் யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் நூறு அடி போ என்று சொல்லும். கரண்ட் பற்றாமல் மோட்டார் எண்பது அடி போய் மிச்சத்தை முழுங்கிவிடும். நூறு போயாச்சு என்று கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். நிற்கிற இடம் ஒன்று, நிற்பதாக நினைக்கிற இடம் இன்னொன்று.

அந்த வியாதி என்னிடமும் உண்டு.

டிவி டவர்

ஒரு கொண்டல் மழைக் காலம். மதியம் தாண்டி மழை மூட்டம். நாலு பக்கமும் சாம்பல். போட்டில் இருந்த ஜிபிஎஸ் அணைந்துபோனது. அஞ்சு பேர் நாங்கள். நான்தான் டிரைவர்.

மூட்டம் லேசாக விலகின இடத்தில் உயரமாக ஒரு கோபுரம் தெரிந்தது. நம்ம ராமேஸ்வரம் டிவி டவர், பயப்படாதீங்க என்றேன். கூட இருந்த ஒருத்தர் நல்லாப் பாத்தியா என்று கேட்டார். பாத்தாச்சு என்றேன். உண்மையில் நான் பார்த்தது ஒரு குச்சி மாதிரி ஏதோ ஒன்று. தெரியவில்லை என்று சொன்னால் டிரைவர் கெத்து என்னாவது?

அந்தக் கோபுரத்தைப் பார்த்து ஓட்டினேன். ஓட்ட ஓட்டத் தண்ணீர் நிறம் மாறியது. அது நம் கரையே இல்லை, எதிர்க்கரை. தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு ரோந்துப் படகு அசைவதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. திருப்பி ஓட்டினேன். இஞ்சின் சத்தத்தைவிட அந்த நாலு பேர் மூச்சுதான் என் காதில் கேட்டது. பிடிபடவில்லை. கரையில் இறங்கும்போது ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு யாரும் என்னைப் போட்டுக்குக் கூப்பிடவில்லை. போன வாரம் முதுகு வலி என்று ஒரு காரணம் சொல்லியிருந்தேன் இல்லையா? முதுகு நன்றாகத்தான் இருக்கிறது.

பக்கத்து இலை

பெரிய ஓட்டலில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. மெனு அட்டையைப் படிக்கத் தெரியாதல்லவா? அதனால் பக்கத்து மேஜையில் ஒருத்தர் சாப்பிடுவதைப் பார்த்து, அதே கொண்டா என்பேன். இதுவரைக்கும் பட்டினி கிடந்ததில்லை.

பவர் சப்ளையையும் அப்படித்தான் வாங்கினேன். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக் கடை. எனக்கு முன்னால் ஒருத்தர் நின்று, இருபத்திநாலு வோல்ட், அஞ்சு ஆம்பியர் என்று கேட்டு, ஓட்டை ஓட்டையாக ஒரு தகர டப்பா வாங்கினார். என் முறை வந்தது. கடைக்காரர், மோட்டார் எத்தனை ஆம்பியர், டிரைவர் எத்தனை வோல்ட் தாங்கும் என்று என்னவோ கேட்டார். அண்ணன் வாங்கின அதேதான் எனக்கும் என்றேன். முன்னால் நின்றவர் ஜவுளிக்கடை போர்டுக்கு லைட் போடுகிறவர் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அந்த டப்பாவில் மிஷின் நடந்தது. நோயாளி நடக்கிற மாதிரி. கொஞ்சம் வேகம் கூட்டினால் மோட்டார் உறுமும், அடியை முழுங்கும். ‘லட்சுமி’ என்று தட்டினால் ‘லட்’ ஒரு இடத்திலும் ‘சுமி’ அதன் தலையில் ஏறியும் வரும்.

மூன்று மோட்டாரும் சேர்ந்து இழுத்த ஒரு நாளில் டப்பா சக்தி பற்றாமல் அணைந்தது. அரை நொடிதான். அணைந்து தானாகவே மறுபடி எரிந்தது. அந்த அரை நொடியில் தலை சர்ரென்று வழுக்கி இறங்கியது. கீழே இருந்த சங்கு இரண்டாகப் போனது.

சங்கு உடைகிற சத்தம் எலும்பு முறிகிற சத்தம் மாதிரியே இருக்கும். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் செல்வி அந்தச் சங்கைக் களிமண்ணில் உட்கார வைத்துவிட்டுக் கையை எடுத்திருந்தாள். ஒவ்வொரு சங்கும் ஒவ்வொரு வளைவு, எந்தக் கிடுக்கியும் பொருந்தாது. உள்ளங்கையை மேலே பொத்தி, கட்டைவிரலால் அழுத்தி, பிட் முனைக்கு நேராக வரும்வரை திருப்பித் திருப்பி வைக்கணும். அதுவரைக்கும் தலை மேலே நிற்கணும். ஒரு நாளைக்கு முப்பது சங்கு என்றால் முப்பது தடவை அந்தக் கை அங்கே போகும்.

அவள் உடைந்த சங்கைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பன்னிரண்டு என்பது அதன் பேர்

ரஹ்மான் அண்ணன் பாம்பனில் போட்டுகளுக்குப் பேட்டரி, வயர்லெஸ், லைட் வேலையெல்லாம் பார்க்கிறவர். கொஞ்ச காலம் துபாயிலும் இருந்தவர். பேட்டரியை மாடு பிடிக்கிற மாதிரி பல்லைப் பார்த்தே வயசு சொல்வார். அவரிடம் போய் அழுதேன்.

“ஏலே ராசா, கடலுக்குள்ள கரண்டு போயி எந்தப் போட்டாச்சும் இருட்டாக் கெடந்துருக்கா?” என்று கேட்டார். “அங்கன பேட்டரி இருக்கு, எரியிது. கரையில மட்டும் ஏன்டா அந்தக் கம்பிய நம்பிக் கெடக்க?”

கேட்டதும் எனக்குக் கண் திறந்த மாதிரி இருந்தது. பேட்டரி போட்டால் கரண்ட் கட் பயமும் இல்லை, டப்பா மூச்சு வாங்குகிற பயமும் இல்லை. எத்தனை போடணும் என்று பார்க்க அண்ணனே கொட்டகைக்கு வந்து, டிரைவர் டப்பாவின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் போன் வெளிச்சத்தில் படித்தார். இருபதில் இருந்து அம்பது வரை என்று போட்டிருந்தது.

அண்ணன் விரலை மடக்கினார். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி நாலு, வரிசையாகக் கோத்தால் நாற்பத்தெட்டு. அம்பதுக்கு உள்ளே. பிஸ்மில்லாச் சொல்லிப் போடு என்றார். அவருடைய பழைய பேட்டரி ஆட்டோவின் சார்ஜரையும் கொடுத்தார், போட்டபடியே ஓட்டு என்று.

இங்கேதான் எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்கிற தப்பு. போட்டுக்காரனுக்குப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி என்றால் அது பன்னிரண்டு. யாரும் அளக்க மாட்டோம். லைட் பளிச்சென்று எரிந்தால் பேட்டரி நல்லா இருக்கு, மங்கினால் சார்ஜ் போடு. கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் போட்டு லைட்டு கோபித்துக்கொள்ளாது.

ஆனால் பன்னிரண்டு என்பது அந்தப் பேட்டரியின் பேர்தான். என் பேர் ராசா என்பதால் எனக்கு அரண்மனை இருக்கிறதா? நிறைந்து கிடக்கிற பேட்டரி பன்னிரண்டே முக்கால் காட்டும். சார்ஜர் ஓடும்போது பதினாலை நெருங்கும். அதை நாலால் பெருக்கிப் பார்க்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பேட்டரி போட்டு இரண்டு நாள் மிஷின் பறந்தது. உறுமல் இல்லை, முழுங்கல் இல்லை. ‘லட்சுமி’ ஒரே வரியில் வந்தாள். தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்றாம் நாள் பேட்டரி இறங்கவே காலையில் சார்ஜரைப் போட்டுவிட்டேன்.

மத்தியானம் செல்வி வந்தாள். டிரைவர் டப்பாவின் சீட்டில் விரலை வைத்தாள்.

“இங்கன அம்பதுன்னு போட்டுருக்கு. அதுக்கு மேல போகக் கூடாதாம். மீட்டர் வச்சுப் பாத்தீங்களா?”

“பாத்தாச்சு.”

“எவ்வளவு?”

“நாப்பத்தெட்டு.”

அவள் தலையை ஆட்டிவிட்டுத் தலைக்குக் கீழே கையைக் கொண்டுபோனாள்.

கடைசியில் வாங்கினது

மறுபடி அந்த மத்தியானத்துக்குள் போவதற்கு முன்னால், கடைசியில் எதை வாங்கினோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். யாராவது இதைப் படித்துவிட்டு மிஷின் வாங்கப் போனால் உதவும். நானும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

எல்லாம் நடந்து ஒரு வாரம் கழித்து அதே ராமநாதபுரம் கடை. இந்தத் தடவை செல்வியும் வந்தாள். கடைக்காரர் கேட்டதற்கெல்லாம் அவள் பதில் சொன்னாள். பக்கத்து இலையைப் பார்க்க எனக்கு வேலை வரவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது டிரைவர் எத்தனை வோல்ட் தாங்கும் என்பதை. தாங்குகிற அளவுக்கு முட்ட முட்டக் கொடுக்கக் கூடாது. ஓடுகிற தலை சட்டென்று நிற்கும்போது மோட்டாரே கொஞ்சம் கரண்டைத் திருப்பித் தள்ளும். அதற்கு இடம் விட வேண்டும். அம்பது சீட் பஸ்ஸில் ராமேஸ்வரத்திலேயே அம்பது பேரை ஏற்றினால் பாம்பனில் நிற்கிறவன் எங்கே ஏறுவான்? அதனால் முப்பத்தாறு வோல்ட். ரொம்பக் குறைத்தாலும் வேகம் வராது, அடியை முழுங்கும். அதுதான் இருபத்திநாலில் நான் பட்டது.

அடுத்தது ஆம்பியர். ஒரு மோட்டாருக்கு நாலு, மூன்றுக்குப் பன்னிரண்டு என்று நான் மனக்கணக்குப் போட்டேன். கடைக்காரர் சிரித்தார். மோட்டார் மூன்றும் ஒரே நேரத்தில் முழுசாகக் கேட்காது, மூன்றில் இரண்டு பங்கு போதும், எட்டு. ஆனால் நம்ம ஊர் வெயிலுக்கும் கொட்டகைச் சூட்டுக்கும் கொஞ்சம் கூட வைத்துப் பத்து. டப்பாவும் சூடு ஆற உள்ளே காற்றாடி வைத்தது, அதற்கு வலை போட்டது. உப்புக் காற்றில் செம்புக் கம்பி பச்சைப் பாசி பிடித்துவிடும், மாதம் ஒரு தடவை திறந்து துடைங்க என்றார்.

கரண்ட் போனால் தலை விழுமே என்று செல்வி கேட்டாள். எந்தப் பவர் சப்ளையும் அதைத் தடுக்காதும்மா, அதுக்கு வேற பிடிமானம் வேணும் என்றார். வீட்டுக்கு வந்து கப்பி ஒன்றை மாட்டி, நைலான் கயிற்றில் வலை ஈயக் குண்டுகளைக் கோத்து, தலைக்குச் சமமாகப் பின்னால் தொங்கவிட்டேன். இப்போது கரண்ட் போனால் தலை அந்தரத்தில் நிற்கிறது. கயிறு இருக்கிற வரைக்கும். உப்புக் காற்றில் கயிறு எத்தனை நாள் இருக்கும் என்று போட்டுக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மாதம் ஒரு தடவை மாற்றுகிறேன். நடுவிலும் இரண்டு மூன்று தடவை தொட்டுப் பார்க்கிறேன்.

ஐம்பத்தைந்து

இனிமேல் தள்ளிப்போட ஒன்றும் இல்லை.

நாப்பத்தெட்டு என்று சொல்லிவிட்டேன். அவள் கை உள்ளே போய்விட்டது. எனக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. டிவி டவர் ஞாபகம் வந்ததா, வேறு என்னவா, தெரியாது. அவள் பார்க்காத பக்கமாகக் குத்தவைத்து, மீட்டரின் இரண்டு ஊசியையும் பேட்டரி முனைகளில் வைத்தேன்.

ஐம்பத்தைந்து. அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, அப்புறம் ஏதோ ஒரு எண். அதை யார் பார்த்தார்கள்?

டிரைவர் டப்பாவைத் தொட்டேன். தோசைக்கல். வாசம் வேறு வந்தது, பிளாஸ்டிக் வேகிற மாதிரி.

அது எந்த நொடியிலும் வெடிக்கலாம். வெடித்தால் முனகல் நிற்கும், தலை இறங்கும். சரி, நானே சுவிட்சை அமர்த்திவிடலாம் என்றால், அமர்த்தினாலும் முனகல் நிற்கும், தலை இறங்கும். சார்ஜரைப் பிடுங்கலாமா? பிடுங்குகிற அதிர்ச்சியில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. எதைத் தொட்டாலும் அந்தக் கைதான். செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. அவளைக் கையை எடுக்கச் சொல்ல வேண்டும்.

சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

இங்கே நான் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். பத்து எண்ணுகிற நேரம் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் கை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். என் பொய் தெரிந்துவிடும் என்ற பயம் இன்னொரு பக்கம். பத்து எண்ணுகிற நேரம் இரண்டும் சமமாக நின்றன. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் உடம்பு கூசுகிறது.

அப்புறமும் நேராகச் சொல்லவில்லை. சுற்றி வளைத்தேன்.

“செல்வி, குடிக்கத் தண்ணி கொண்டா.”

“கை வேலையா இருக்கு. பானை உங்க பக்கத்துலதான இருக்கு.”

பார்த்தேன். முழங்காலை இடித்துக்கொண்டு நின்றது பானை.

“வாசல்ல யாரோ கூப்பிடுறாங்க.”

“போயிப் பாருங்க. சும்மாதான இருக்கீங்க.”

முனகல் ஒரு தடவை தழுதழுத்தது. தலை அசையவில்லை, ஆனால் பிட் முனை நடுங்கியது. அதன் நிழல் அவள் ஆள்காட்டி விரல் நகத்தின் மேல் விழுந்து நடுங்கியதைப் பார்த்தேன்.

“செல்வி, கைய எடு.”

“ஒரு நிமிசம். நேரா வந்துருச்சு.”

“கைய எடு. நான் பாக்கல.”

“எதப் பாக்கல?”

“மீட்டர. சும்மா சொன்னேன். இப்பத்தான் பாத்தேன். அம்பத்தஞ்சு.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையை வெடுக்கென்று இழுக்கவும் இல்லை. முள் வைத்த திருக்கை மீன் வாலுக்கு அடியில் இருந்து கையை உருவுவோமே, அப்படி, ஒவ்வொரு விரலாக, மேலே தொங்குகிறதைப் பார்த்தபடியே பின்னால் கொண்டுவந்தாள். கட்டைவிரல் கடைசியாக வெளியே வந்தது.

நான் அழப் போனேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. ஒரு குச்சியால் சங்கை வெளியே தள்ளி எடுத்தாள். மூலையில் கிடந்த மாங்கட்டையைக் கொண்டுவந்து, அதே குச்சியால் தள்ளி, சங்கு இருந்த இடத்தில் வைத்தாள்.

“இப்ப அமத்துங்க.”

“என்னத்த?”

“சுவிட்ச. எங்கையி இருந்த எடத்துல என்ன வந்துருக்கும்னு நானும் பாக்கணும். நீங்களும் பாக்கணும்.”

எழுந்து போனேன். சுவிட்சில் விரலை வைத்தேன். வேர்வையில் வழுக்கியது. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். அவள் மிஷினைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கண்ணை மூடப் போனேன். “மூடாதீங்க” என்றாள். அப்போது நான்

இருங்கள். கூப்பிடுகிறாள். கொட்டகைக்குள்ளே இருந்து.

“ஏங்க, சங்கு வச்சாச்சு. கையக் கொண்டாங்க.”

அன்றையில் இருந்து எங்கள் வீட்டில் சட்டம் இதுதான். சுவிட்சும் கம்ப்யூட்டரும் மீட்டரும் அவளிடம். தலைக்குக் கீழே கையை விட்டுச் சங்கைத் திருப்புவது நான். என் கைக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வாய் என்று ஒரு நாள் கேட்டேன். அது என்ன பேரா எழுதப் போகுது என்றாள்.

“மீட்டர் வச்சுப் பாத்தியா?” என்று இங்கிருந்தே கேட்டேன். தினமும் கேட்பேன்.

“பாத்தாச்சு.”

“எவ்வளவு?”

“முப்பத்தாறு.”

முப்பத்தாறு. டப்பாவின் மேல் அச்சடித்திருக்கிற எண்ணும் அதேதான். உள்ளே மீட்டரை எடுக்கிற சத்தம் கேட்டதா என்று யோசித்துப் பார்க்கிறேன். செல்வி பொய் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் அன்றைக்கு அவளும் என்னைப் பற்றி அப்படித்தானே நினைத்துக் கையை விட்டிருப்பாள்.

வாரேன் என்று சொல்லிவிட்டேன். கட்டைக் குழியில் இருந்து விரலை எடுத்துக்கொண்டு போகிறேன்.